வாள்வீச்சு மாதரசி ஹெலேன் மேயர் அம்மையார்

ஒருவருடைய சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு திறத்தினராவர். புகழுக்குரியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துக் கோத்து, குறை தோன்றும் இடங்களைத் திரையிட்டுச் செல்வோர் ஒரு திறத்தினர். ஒரு குறை கண்டவுடன் அதனையே பற்றிக்கொண்டு, நிறையனைத்தையும் மறந்துவிடுவோர் மற்றொரு திறத்தினர். யாம் இங்கு எழுதத் துணிந்த அம்மையாரின் வாழ்க்கை இவ்விரு திறத்தாருக்கும் வேண்டிய பொருளைத் தருவது. அவர் வாளேந்தி நின்ற காலத்தில் அவருக்கு நிகராவார் உலகில் மிகச் சிலரே. பின்னர்க் கலாசாலை ஆசிரியையாகிப் பல்லாண்டு மாணவியர்க்கு மொழியும் வாளும் கற்பித்தார். ஆயினும் 1936ஆம் ஆண்டில் ஒரு மேடைமீது நின்று வலக்கையை நீட்டி அவர் செய்த ஒரு வணக்கம், அவர் பெயரோடு நீங்காது ஒட்டிக்கொண்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே நீதியென்று எமக்குத் தோன்றுகிறது.

வாள்வீச்சு இன்னதென்பது

நம் நாட்டில் வாள்வீச்சு என்னும் இவ்விளையாட்டு நெடுநாள் அறியப்படாததாயிருந்தது. 1974ஆம் ஆண்டிலேதான் இந்தியாவில் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் சேபர் வாளேந்திக் களம் புகுந்த பின்னரே, நம்மவரிற் பலர் இதன் பெயரைக் கேட்டனர். ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் அவரே. ஆதலின் சரித்திரத்துட் புகுமுன் இக்கலையைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும்.

இவ்விளையாட்டில் வழங்கும் வாள்கள் மூன்று: பாயில், எப்பே, சேபர் என்பன. இவற்றுள் பாயில் என்பது மெல்லியதும் வளையக் கூடியதுமான இலகுவான வாள். அதன் முனையில் கூர் இராது. குமிழ் ஒன்று இருக்கும். எதிராளியின் கழுத்துக்குக் கீழுள்ள உடற்பகுதியை அம்முனையாற் குத்தித் தொடுவதே வெற்றிக்கு வழி. கையிலோ காலிலோ தலையிலோ பட்டால் அது கணக்கிற் சேராது. முதலிற் பாய்ந்து தாக்குபவருக்கே உரிமை உண்டு. தாக்கப்படுபவர் அவ்வாளைத் தம் வாளால் விலக்கிய பின்னரே எதிர்க்குத்துக் கொடுக்கும் உரிமையைப் பெறுவர். நம் சிலம்பப் பந்தயத்திலும் எதிராளியின் உடலைக் கோலால் தொடுதல் உண்டன்றோ? இரண்டு கலைகளிலும் கையின் வலிமையைக் காட்டிலும் காலின் நடையும் கண்ணின் கணக்குமே பெரியன.

இக்காலத்தில் தொட்டவுடன் விளக்கெரிந்து காட்டும் மின்சாரக் கருவி உண்டு. ஆனால் பாயில் வாளுக்கு அக்கருவி ஒலிம்பிக் பந்தயத்தில் வந்தது 1956ஆம் ஆண்டில். அதற்கு முன் நான்கு நடுவர்கள் பக்கங்களில் நின்று கண்ணாற் கண்டு சொல்வர். தலைமை நடுவர் தீர்ப்பளிப்பர். நொடிக்கும் குறைந்த நேரத்தில் நிகழ்வதை நால்வர் கண்ணும் தவறவிடுதல் இயல்பு. ஆகையால், குத்துப் பட்டவர் தாமே கையை உயர்த்தி அதனை ஒப்புக்கொள்ளுதல் இக்கலையில் மேலான மரபாகப் போற்றப்பட்டு வந்தது. இம்மரபை மாணவ நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இச்சரித்திரத்தில் அது மீண்டும் வரும்.

பிறப்பும் பயிற்சியும்

ஜெர்மனி தேசத்தில் மைன் நதிக்கரையில், பிராங்க்பர்ட் மாநகருக்கு அணித்தாக, ஓப்பன்பாக் என்னும் ஊர் உள்ளது. எம் திருப்பூர் பின்னலாடைக்குப் பேர் பெற்றாற்போல, அவ்வூர் தோல்வினைக்குப் பேர் பெற்ற தொழில் நகரம். அங்கே 1910ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20ஆம் நாள் ஹெலேன் மேயர் பிறந்தார். தந்தையார் லூட்விக் மேயர், யூத வகுப்பினர். ஊரார் மதித்த வைத்தியர். தாயார் ஈடா, கிறிஸ்தவ மார்க்கத்தில் லூதரன் பிரிவைச் சேர்ந்தவர். உடன்பிறந்த ஆண்மக்கள் இருவர். இவ்விரு மரபுக் கலப்பு அக்காலத்தில் அக்குடும்பத்தில் எவருக்கும் இடையூறாகத் தோன்றவில்லை. தாம் ஜெர்மானியர் என்பதில் அக்குழந்தைகளுக்கு ஐயமே எழுந்ததில்லை.

ஓப்பன்பாக் வாள்வீச்சுக் கழகம் அந்நாட்டிற் சிறந்த கழகங்களுள் ஒன்று. இத்தாலி நாட்டினரான ஆர்த்தூரோ கட்ஸேரா என்பவர் அங்கே ஆசானாயிருந்தார். சிறுமியாயிருந்தபோதே ஹெலேன் அவரிடம் வாள் பிடிக்கக் கற்றார். நடனப் பயிற்சியும் அவருக்கு இருந்தமையால், அடியெடுத்து வைத்தலிலும் உடலை நிறுத்துதலிலும் இயல்பாகவே ஒரு நேர்த்தி அமைந்தது. உயரமான தேகமும், நீண்டு எட்டும் கையும், கலங்காத நெஞ்சும் அதற்குத் துணை செய்தன.

1925ஆம் ஆண்டில், பதினான்கு பிராயத்தினராயிருந்தபோது, ஜெர்மனியின் மகளிர் பாயில் பட்டத்தை வென்றார். அது முதல் 1930 முடிய ஆண்டுதோறும் அப்பட்டம் அவர் வசமேயிருந்தது. பொன்னிறக் கூந்தலை இரு பின்னலாகப் பின்னி, நெற்றியில் வெண்ணிறப் பட்டை கட்டிக் களத்தில் நிற்கும் அவர் உருவம் ஜெர்மனியெங்கும் வீட்டுக்கு வீடு அறிந்த உருவமாயிற்று. அவ்வுருவிற் செய்த சிறு பொம்மைகளையும் மக்கள் வாங்கித் தம் இல்லங்களில் வைத்தனர்.

பதினேழாம் வயதிற் பொற்பதக்கம்

ஒலிம்பிக் பந்தயத்தில் மகளிர்க்கு வாள்வீச்சு இடம் பெற்றது 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலேதான். அதுவும் பாயில் ஒன்றே; எப்பே 1996ஆம் ஆண்டிலும், சேபர் 2004ஆம் ஆண்டிலுமே மகளிர்க்குத் திறக்கப்பட்டன. 1928ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிற் பந்தயங்கள் கூடின. மகளிர்க்கு ஓட்டமும் தாண்டலும் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது அவ்வாண்டிலேயே. அங்கே ஹெலேன் மேயர் இருபது போர்களில் இறங்கிப் பதினெட்டில் வென்று, இரண்டிலே தோற்றுப் பொற்பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பள்ளிப் படிப்பும் முடிந்திலது.

அடுத்த ஆண்டு நேப்பிள்ஸ் நகரிலும், 1931ஆம் ஆண்டு வியன்னாவிலும் நடந்த சர்வதேசப் போட்டிகளில் முதலிடம் அவருடையதே. இவ்வளவு கீர்த்தி இளம் பிராயத்தில் வந்தபோதும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. பிராங்க்பர்ட்டிலும் பாரிஸிலும் சட்டம் பயின்றார். தம் தேசத்தின் அயல்நாட்டுத் தூதுத் துறையில் அமர்ந்து பணிபுரிதல் வேண்டுமென்பதே அவர் கொண்ட குறிக்கோள். வாள் அவருக்கு விளையாட்டு. வாழ்க்கைத் தொழில் வேறென்றே எண்ணியிருந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ்

1931ஆம் ஆண்டில் தந்தையார் மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, மற்றொரு பேரிடி வந்து விழுந்தது. 1932 ஜூலை 26ஆம் நாள் ஜெர்மன் கடற்படையின் பயிற்சிக் கப்பலாகிய நியோபி, புயலிற் சிக்கிக் கவிழ்ந்தது. 69 பேர் மாண்டனர். அவருட் ஒருவர் ஹெலேன் அன்பு கொண்டிருந்த இளைஞர் என்பர். துயரச் செய்தியோடு களம் புகுந்த அவர் ஐந்தாம் இடமே பெற்றார். ஆஸ்திரிய தேசத்து எல்லன் பிரைஸ் முதலிடம் பெற்றார்.

அப்போட்டியில் நிகழ்ந்த ஒரு செய்தியை இங்கே குறிக்காமற் செல்ல மனமில்லை. பொற்பதக்கத்துக்கான போரில் எல்லன் பிரைஸை எதிர்த்து நின்றவர் ஆங்கிலப் பெண்மணி ஜூடி கின்னஸ். தம்மீது பட்ட இரண்டு குத்துக்களை நடுவர்கள் காணத் தவறியதை உணர்ந்த அவர், தாமே முன்வந்து அவற்றை ஒப்புக்கொண்டார். அதனாற் பொன் கைதவறி வெள்ளி பெற்றார். பொன்னினும் அவ்வெள்ளியின் மதிப்புப் பெரிதென்று யாம் கருதுகிறோம்.

தன் நாடு கைவிட்டமை

பந்தயம் முடிந்த பின் ஹெலேன் தாயகம் திரும்பவில்லை. கலிபோர்னியா மாகாணத்துக் கிளேர்மான்ட் நகரிலுள்ள ஸ்கிரிப்ஸ் மகளிர் கலாசாலையில் ஜெர்மன் உதவிச் சம்பளம் பெற்ற மாணவியாகச் சேர்ந்தார். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது, 1933 ஜனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைமையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யூதரை அரசாங்க உத்தியோகங்களினின்று நீக்கும் சட்டம் பிறந்தது. தூதுத் துறையில் அமரும் அவர் கனவு அன்றே அழிந்தது. உதவிச் சம்பளம் நிறுத்தப்பட்டது. சிறுமியாக அவர் அடியெடுத்து வைத்துப் பழகிய ஓப்பன்பாக் கழகம், உறுப்பினர் பட்டியலினின்று அவர் பெயரை அடித்துவிட்டது.

இதனைச் சற்று நின்று நினைத்துப் பார்ப்போமாக. ஒரு தேசம் தன் வீட்டு மாடங்களிலெல்லாம் பொம்மையாக வைத்துப் போற்றிய ஒரு பெண்ணை, அவள் தந்தையின் குலத்தைக் காரணமாகக் காட்டி, ஒரே ஆண்டில் அந்நியளாக்கிற்று. அவர் வாள்வன்மை குறைந்ததா? இல்லை. நாட்டுப்பற்றுக் குறைந்ததா? அதுவும் இல்லை. மாறியது சட்டம் ஒன்றே.

மில்ஸ் கலாசாலையில் ஆசிரியை

1934ஆம் ஆண்டில் ஓக்லண்ட் நகரிலிருந்த மில்ஸ் மகளிர் கலாசாலை அவருக்கு வேலை அளித்தது. ஜெர்மன் மொழியும் வாள்வீச்சும் கற்பித்தல் அவர் கடமை. இக்கலாசாலை தமிழராகிய நமக்கு முற்றும் அந்நியமானதன்று. 1852ஆம் ஆண்டிற் சிறு பெண்பாடசாலையாகத் தோன்றிய அதனை 1865ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி வளர்த்தவர் சைரஸ் மில்ஸ் என்பவரும் அவர் மனைவி சூசன் மில்ஸ் அம்மையாருமாவர். சைரஸ் மில்ஸ் அதற்கு முன் அமெரிக்க மிஷனைச் சார்ந்து இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் புகழ் பெற்ற செமினரியின் தலைமையாசிரியராய்ப் பணி செய்தவர். சி. வை. தாமோதரம் பிள்ளை முதலிய தமிழறிஞர் பயின்ற வித்தியாசாலை அதுவே. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒருவர் கடல் கடந்து சென்று வளர்த்த கலாசாலை, ஏறக்குறைய எழுபதாண்டு கழித்து, நாடிழந்த ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு நிழல் தந்தது. அக்கலாசாலை 2022ஆம் ஆண்டில் நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையோடு இணைந்தது.

வாளாசிரியர் தொழில் ஏனைய ஆசிரியத் தொழில்களினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. கரும்பலகையின் முன் நின்று சொல்லிக் கொடுக்கும் கலையன்று இது. ஆசிரியர் தடித்த தோற்கவசம் அணிந்து மாணவியின் எதிரே நிற்பர். ஒவ்வொரு பாடத்திலும் தம் மார்பையே இலக்காகக் கொடுப்பர். மாணவி பாய வேண்டிய தருணத்தைத் தம் வாளைச் சிறிது விலக்கிக் காட்டுவர்; அவள் தருணத்தை அறிந்து பாய்ந்தால் குத்து விழும்; அறியாது தாமதித்தால் ஆசிரியரின் வாள் அவளைத் தொடும். முன்னடி வைத்தல், பின்னடி வாங்குதல், நீண்டு பாய்தல், எதிராளிக்கும் தனக்குமுள்ள தூரத்தைக் குறையாமலும் மிகாமலும் காத்தல் ஆகியவற்றை நூறு முறை ஆயிரம் முறை செய்வித்துப் பழக்குவர். மாணவி தம்மைக் குத்த வல்லவளாவதே ஆசிரியரின் வெற்றி. தம்மை வெல்லக் கற்பிக்கும் இத்தொழிலுக்குப் பொறாமையற்ற நெஞ்சம் வேண்டும். உலகப் பட்டம் பெற்ற ஒருவர் தொடக்க நிலை மாணவியர்க்கு இவ்வாறு மார்பு கொடுத்து நிற்றல் எளிதன்று.

ஆசிரியையான பின்னும் அவர் போட்டிகளை விடவில்லை. 1934, 1935 ஆகிய இரண்டாண்டுகளிலும் அமெரிக்க மகளிர் பாயில் பட்டத்தை வென்றார். ஊதியமும், மதிப்பும், அன்புள்ள மாணவியரும் அவருக்கு இருந்தனர். ஆயினும் தாயும் உடன்பிறந்தாரும் ஜெர்மனியில் இருந்தனர். மனமும் அங்கேயே இருந்தது.

பெர்லின், 1936

1936ஆம் ஆண்டுப் பந்தயம் பெர்லினில் நடத்தப்படுமென்பது ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்னரே, 1931ஆம் ஆண்டில், முடிவானது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் பிறந்தன. யூதர் குடியுரிமை இழந்தனர். இத்தகைய நாட்டிற்கு வீரரை அனுப்பலாகாதென்று அமெரிக்காவிற் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அமெரிக்க ஒலிம்பிக் சங்கத் தலைவர் ஏவரி பிரண்டேஜ் அனுப்புதல் வேண்டுமென்று வாதாடினார். ஷெரில் என்னும் மற்றோர் அதிகாரி ஜெர்மனிக்கே சென்று, யூதர் ஒருவரையேனும் அணியிற் சேர்க்குமாறு வற்புறுத்தினார். ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அநீதி இல்லையென்று உலகுக்குக் காட்டிவிடலாமென்பது கருத்து. அவ்வொருவராக வாய்த்தவர் ஹெலேன் மேயர். 1935 டிசம்பரில் அமெரிக்க விளையாட்டுச் சங்கத்தில் மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்தில் பெர்லின் செல்லும் தீர்மானம் நிறைவேறியது.

ஹெலேன் தமக்கு முழுக் குடியுரிமை வேண்டுமெனக் கேட்டார். போகலாகாதென்று தடுத்தோர் பலர். ஆயினும் தாயைக் காணும் ஆவலும், இழந்த நாட்டை வாளால் மீட்டுக்கொள்ளலாமென்ற நம்பிக்கையும் அவரை ஈர்த்தன. 1936 பிப்ரவரியிற் கப்பலேறிச் சென்றார். ஜெர்மன் பத்திரிகைகளுக்கோ அவர் பிறப்பைப் பற்றி எழுதலாகாதென்று கட்டளை பிறந்திருந்தது.

அதே காலத்தில் கிரெட்டல் பெர்க்மன் என்னும் யூதப் பெண் ஒருவர் உயரத் தாண்டலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்தார். அமெரிக்க வீரர்களை ஏற்றிய கப்பல் ஜூலை 15ஆம் நாள் புறப்பட்டது. மறுநாளே, அணியில் இடமில்லையென்னும் கடிதம் பெர்க்மனுக்கு எழுதப்பட்டது. கப்பல் நடுக்கடலில் திரும்பாதென்று அவ்வரசுக்குத் தெரியும். ஹெலேனை வைத்துக்கொண்டதும் பெர்க்மனை விலக்கியதும் ஒரே சூதின் இரு காய்நகர்த்தல்கள் என்பது இதனால் விளங்கும்.

ஆகஸ்ட் மாதத்திற் போட்டி நடந்தது. ஹங்கேரி நாட்டு இலோனா எலெக் பொற்பதக்கம் பெற்றார், ஹெலேன் இரண்டாமவர், எல்லன் பிரைஸ் மூன்றாமவர். எலெக்கின் தந்தையும் யூதரே. தாழ்ந்த குலமென்று ஹிட்லர் இழித்துரைத்த குலத்தின் பெண்கள், அவருடைய தலைநகரிலேயே முன்னணியில் நின்றனர். பதக்க மேடையில் ஹெலேன், வெண்ணிற உடையில் ஸ்வஸ்திகச் சின்னம் அணிந்து, வலக்கையை நீட்டி நாஜி வணக்கம் செய்தார். அக்காட்சியின் நிழற்படம் உலகெங்கும் பரவியது, இன்றும் காணக்கிடைக்கிறது.

இதற்கு யாது கூறுவோம்? தாயும் உடன்பிறந்தாரும் அவ்வரசின் பிடியில் இருந்தனரென்பர் சிலர். பதக்கம் பெற்ற ஜெர்மானியர் அனைவரும் அவ்வாறே செய்தனரென்பர் வேறு சிலர். இவை உண்மையே, இவற்றை மறந்து அவரைக் கடிந்துரைத்தல் முறையன்று. எனினும் பெர்க்மனுக்கு அடைத்த கதவை மறைக்கும் திரையாக ஹெலேனின் புகழ் பயன்பட்டதென்பதும் உண்மையே. அதனை அறிந்துகொள்ளும் வயதும் கல்வியும் அவருக்கு இருந்தன. ஆகையால் அவ்வணக்கத்தை ஒரு தவறென்றே யாம் கருதுகிறோம். அதைச் செய்வித்தோர் குற்றம் அதனினும் பன்மடங்கு பெரிதென்றும் கருதுகிறோம். ஜெர்மனி அப்பதக்கத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. பதக்கம் கொணர்ந்தவரையோ தன் மகளாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் மீண்டும் அமெரிக்காவுக்கே கப்பலேறினார்.

மீண்டும் ஆசிரியத் தொழில்

1937ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் எலெக்கும் களத்திலிருக்க, ஹெலேன் முதலிடம் பெற்றார். அதன்பின் மூண்ட மகாயுத்தத்தால் 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறாதொழிந்தன. வாள் வீரர்க்கு முப்பதாம் பிராயத்தையொட்டிய ஆண்டுகளே திறம் முதிர்ந்து நிற்குங் காலம். அவ்வாண்டுகளை யுத்தம் விழுங்கிவிட்டது.

ஆனால் அமெரிக்காவில் அவர் வாள் ஓயவில்லை. 1937, 1938, 1939, 1941, 1942 ஆகிய ஆண்டுகளிலும், முப்பத்தைந்து வயதில் 1946ஆம் ஆண்டிலும் மகளிர் பட்டத்தை வென்றார். முன்னவற்றோடு கூட்ட எட்டுப் பட்டங்களாம். அமெரிக்கப் பிரஜையுமானார். மில்ஸிலும், பின்னர் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரக் கலாசாலையிலும் கற்பித்தார். அவர் ஊரினரும், 1928ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் ஜெர்மனிக்காக எப்பே வாளேந்தியவருமான ஹான்ஸ் ஹால்பர்ஸ்டாட் என்னும் யூதரும், 1938ஆம் ஆண்டுக் கொடுமையிற் சிறைப்பட்டு மீண்டு, ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கே வந்து வாள்வீச்சுப் பள்ளி நிறுவினார். இவ்வாறு ஓப்பன்பாக் ஊர் துரத்திய கலை, பசிபிக் கடற்கரையில் வேரூன்றியது. அவ்வரசு தன் நாட்டைத் தூய்மை செய்வதாக எண்ணித் தன் ஆசிரியர்களையே பிற நாட்டுக்குத் தானம் செய்தது.

இறுதிக் காலம்

நாற்பது வயதைக் கடந்தபின் ஹெலேன் தாயகம் திரும்பினார். 1952ஆம் ஆண்டில் எர்வின் பால்க்னர் பான் ஸொன்னன்பர்க் என்னும் எஞ்ஜினீயரை மணந்தார். நெடுநாள் வேண்டிய இல்லறம் நெடுநாள் நிலைக்கவில்லை. மார்பிற் புற்றுநோய் கண்டு, 1953 அக்டோபர் மாதம் மியூனிக் நகரில் உயிர் நீத்தார். அப்போது வயது நாற்பத்திரண்டே.

1968ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனி அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையை வெளியிட்டது. 1972ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கென மியூனிக்கில் எழுந்த ஒலிம்பிக் குடியிருப்பில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரை அடித்த நாடே பெயரைப் பொறித்தது. பொறித்தபோது கண்டு மகிழ அவர் இல்லை. கிரெட்டல் பெர்க்மனோ 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குடியேறி, அங்கே பட்டங்கள் வென்று, நூற்று மூன்று வயதுவரை வாழ்ந்து 2017ஆம் ஆண்டிற் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தை இக்கலாசாலை மாணவர்க்கு எடுத்துரைத்ததன் நோக்கம் யாது? எம் ராயபுரத்து வீதிகளில் தையல் இயந்திர ஓசைக்கிடையே வாழும் குடும்பங்களிற் பல, மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவை. பிறந்த ஊர் ஒன்று, உழைக்கும் ஊர் ஒன்று என்றிருப்பார் படும் மனத்துயரை நம் மாணவர் நன்கறிவர். எவரையும் பிறப்பை வினவி ஒதுக்கும் எண்ணம் நம்மிடையே தலைகாட்டுமாயின், ஓப்பன்பாக் கழகத்தார் அடித்த அப்பெயரை நினைத்துக்கொள்வோமாக.

விளையாட்டு வீரராக விழையும் மாணவர்க்கு மற்றொன்று கூறுவோம். கலையில் வல்லராதல் பெரிதே. அவ்வல்லமை எவருடைய எக்காரியத்துக்குப் பயன்படுகிறதென்று ஆராய்தலும் வல்லவரின் கடமையே. ஹெலேன் வாளின் ஒவ்வோர் அசைவையும் கணித்தறிந்தவர். தம்மைக் கருவியாகக் கொண்டாரின் அசைவைக் கணியாது விட்டார். கண்டும் காணாத நடுவர் முன் தாமே கையுயர்த்திக் குத்தை ஒப்புக்கொண்ட ஜூடி கின்னஸின் நேர்மை, ஒரு தேசத்தின் ஆட்சியாளரிடம் இருந்திருக்குமாயின், இச்சரித்திரம் வேறாக முடிந்திருக்கும்.

ஆசிரியராக விழைவார்க்கு இறுதியாக ஒன்று. பதக்கங்களைத் தந்த நாடு அவரைத் தள்ளியது; பட்டங்கள் ஆண்டுதோறும் கைமாறின. தோற்கவசம் அணிந்து மாணவியின் வாளுக்குத் தம் மார்பைக் காட்டி நின்று அவர் கற்பித்த பாடத்தை மட்டும் எந்தச் சட்டமும் பறிக்க இயலவில்லை. கற்பித்தவை கற்றவரிடம் நிலைபெறும். ஹெலேன் மேயர் அம்மையாரின் தவற்றை அறிந்து விலக்கி, அவர் திறத்தையும் உழைப்பையும் அறிந்து மேற்கொண்டு, நம் மாணவ மாணவியர் வாழ்வாராக.